பயன்பாடு என்ற கட்டத்தில்

இரண்டு குறுக்குவில் வந்திருக்கின்றன மண்டபத்துக்கு,
இரவலாக.
ஒன்றை வாங்கலாம், மற்றதை
மாதக் கடைசிக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.
கொள்முதல் படிவத்தில் ஒரு கட்டம்: பயன்பாடு.
வேட்டை என்று எழுதி அடித்தேன்.
ஆய்வு என்று எழுதினேன். அடித்தேன்.

வேண்டியது ஓங்கிலின் முதுகிலிருந்து
எலுமிச்சை விதையளவு தோல்.
அம்பின் நுனியில் குழல், குழலுக்குள் முள்,
அதற்கு மேல் ஏறவிடாமல் மஞ்சள் மிதவை.
குத்தித் துள்ளி விழ வேண்டும், மிதக்க வேண்டும்,
ஓங்கில் போய்விட வேண்டும்.

ஒன்று ரீகர்வ்.
நுனி வெளியே வளைந்த இரண்டு கை, நடுவே ஒரு நாண்,
வேறெதுவும் இல்லை.
ஆனால் அகலம்! வள்ளத்தில் அதோடு திரும்பினால்
ஒரு கொம்பு எஞ்சின் பெட்டியில் இடிக்கும்,
மறு கொம்பு இன்னாசிமுத்துவின் விலாவில்.

மற்றது காம்பவுண்டு. ஒடுங்கிய உடம்பு,
முனைக்கு முனை கப்பி, குறுக்கும் நெடுக்கும் வடம்.
நாணேற்றும்போது முரண்டி
கடைசிச் சாணில் சட்டென்று இளகிக் கொடுக்கும்.
ஜெரினாவுக்கு இதுதான்.
'கச்சான் அடிக்கையில் வள்ளம் எங்கே நிற்கும்?
முப்பது கஜத்தில் உன் ரீகர்வ் அம்பு
முழங்கால் ஆழம் இறங்கிவிடும்' என்கிறாள்.
அவள் கணக்கில் தப்பில்லை.

குந்துகால் மணலில்
ஈரச்சாக்கின் மேல் லாரி டியூபைச் சுற்றி
பதினைந்து கஜத்திலிருந்து எய்தோம்.
ரீகர்வ் அம்பு குத்தித் துள்ளிக் காலடியில் விழுந்தது.
காம்பவுண்டு அம்பு மிதவையோடு உள்ளே போய்
சாக்கைக் கிழித்துத்தான் எடுத்தோம்.
'இது பன்னிக்கு உள்ளது மேடம்' என்றார் இன்னாசிமுத்து.
'முப்பதில் எய்தால் சரியாயிருக்கும்' என்றாள் ஜெரினா.
முப்பதில் எய்தோம். சரியாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள், வடகடலில்,
கப்பிக்குள் ஒரு மணல்.
வடம் தடம் மாறி நழுவிக் கிடந்தது.
மாட்ட ஓர் அழுத்துப்பொறி வேண்டும், அது சென்னையில் இருக்கிறது.
அன்றைக்கே ரீகர்வின் நாணும் பிரிந்தது.
இன்னாசிமுத்து வலைக்கயிற்றில் சுருக்குப் போட்டு
கால்வளையத்தில் மிதித்து வில்லை மடக்கி
பீடி அணையுமுன் புது நாண் மாட்டிவிட்டார்.
ஜெரினா வேறு பக்கம் பார்த்தாள்.

இனிச் சொல்வதை அறிக்கையில் சேர்க்கவில்லை.

முயல் தீவுக்குத் தெற்கே, காலை ஏழரை,
தண்ணீர் கண்ணாடிபோல.
மூன்று முதுகுகள். நாணேற்றி, அம்பு வைத்து,
கட்டைவிரலால் பூட்டைத் தள்ளினேன்.
பதினான்கு கஜம்.
நடு முதுகு எழுந்தது, கூடவே
அதன் விலாவை ஒட்டி
ஒரு முழ நீளச் சாம்பல் குட்டி,
அவசரமாய் மூச்சுவிட்டு
மறுபடி தாயின் நிழலுக்குள்.

குட்டியுள்ளதை எய்வதில்லை.
தாழ்த்திவிட்டேன்.

தாழ்த்திய பிறகுதான் கைக்குப் புரிந்தது.
ஏற்றிய நாணை இறக்க முடியாது.
வளைந்ததானாலும் கப்பி வைத்ததானாலும்
இரண்டிலும் இந்த ஒரு வழி இல்லை.
நூற்றைம்பது ராத்தல் இழுவை
என் கன்னத்தின் அருகே
எங்காவது போகக் காத்திருக்கிறது.
எங்கே, என்றார் இன்னாசிமுத்து, கண்ணாலேயே.
ஓங்கில்கள் குருசடைப் பக்கம் நகரும்வரை காத்திருந்து
யாருமில்லாத தண்ணீரில் எய்தேன்.

மஞ்சள் மிதவை முங்கி எழுந்தது.
அவர் வலைக்கரண்டியால் அம்பைக் கோரி
உதறி, குழலுக்குள் பார்த்து,
'கொஞ்சம் பாசி' என்றார்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
வில், ரீகர்வ். எய்தது, ஒன்று. இலக்கு, தண்ணீர்.
காம்பவுண்டைப் பெட்டியில் வைத்து நாடா ஒட்டிக்கொண்டே
ஜெரினா எட்டிப் படித்துவிட்டுக் கேட்கிறாள்:
எத்தனை கஜத்தில்?